உன் விரல்களுக்கு நான் சொன்னவை

என் சங்கரண்ணனுக்கு,

இப்போது நீ இருக்கிற இடத்தில் உன் கைக்கும் காலுக்கும் சூடு எது, குளிர்ச்சி எது என்று தெரிகிறது என நம்பிக்கொண்டு கோமு எழுதுகிறேன்.

நீ போய் நான்கு வருஷம் ஆகிறது. அப்போது என் வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தவளுக்கு இப்போது மூன்றரை வயது. சங்கரி என்று பெயர் வைத்திருக்கிறோம். சுவரில் இருக்கிற உன் போட்டோவைக் காட்டி, "மாமா எப்ப வருவாக?" என்று கேட்பாள். ஊருக்குப் போயிருக்காக என்று சொல்லிவைத்திருக்கிறேன். எந்த ஊர் என்று கேட்கிற வயசு இன்னும் வரவில்லை.

போன வாரம் அவளுக்குப் பாவாடைத் துணி எடுக்க வண்ணார்பேட்டைக்குப் போயிருந்தேன். நீ பன்னிரண்டு வருஷம் நின்ற கடைக்குள் இத்தனை நாள் கழித்து அன்றைக்குத்தான் கால் வைத்தேன். கண்ணாடிக் கதவு போட்டிருக்கிறார்கள், அண்ணே. பாதிக் கடை ரெடிமேட் ஆகிவிட்டது. முதலாளி அண்ணாச்சி மட்டும் அதே மேஜைக்குப் பின்னால் அதே மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"யாரு, சங்கரன் தங்கச்சியா? வாம்மா, வா" என்றார். எனக்குக் காப்பி வாங்கிவரச் சொன்னார். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, "இருபத்தொம்பது வயசுல சர்க்கரை வந்து ஒருத்தன் சாவான்னா யாரும்மா நம்புவா? அவன் தொட்டு எடுத்துப் போட்ட துணி ஒரு நாளும் கடையில தங்குனது கெடையாது" என்றார்.

"ஆமா அண்ணாச்சி. சர்க்கரைதான்" என்றேன்.

நான்கு வருஷமாகக் கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொல்லிவந்த பொய் அது. அன்றைக்குச் சொன்னதுதான் கடைசித் தடவை. அதற்கு இரண்டு நாள் கழித்து என்ன நடந்தது என்று உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இதை மற்றவர்களும் படிக்கட்டும் என்று நினைக்கிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

அம்மா போனபோது எனக்குப் பதினான்கு வயசு, உனக்கு இருபது. அப்பா அதற்கு முன்பே இல்லை. நீ ஏற்கெனவே கடையில் இருந்தாய். நான் பத்தாவது முடித்ததும் தையல் கற்றுக்கொண்டு, வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். காலையில் ஆளுக்கொரு வேலையாகப் பிரிந்து, சாப்பிடும்போது துணியைப் பற்றியே பேசுகிற ஒரு வீடு நம்முடையது. வேறு என்ன தெரியும் நமக்கு?

உன் கையை எல்லாரும் புகழுவார்கள். துணியின் ஓரத்தைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரே ஒரு நெருடு. அவ்வளவுதான். இது கஞ்சியை நம்பி நிற்கிற துணி, இரண்டு தடவை அலசினால் வலையாகிவிடும் என்பாய். இது பட்டு இல்லை அண்ணாச்சி, பட்டு கையில் எடுத்ததும் நம்ம சூட்டை வாங்கிக்கிடும், இது வாங்கவே மாட்டேங்குது என்பாய். அண்ணாச்சி வெளியூருக்குக் கொள்முதலுக்குப் போனால் உன்னைக் கூட்டிக்கொண்டுதான் போவார்.

எனக்கு முதன்முதலில் தெரிந்தது ஒரு காலை நேரத்தில். அடுப்பில் பால் பொங்கி வந்தது. பக்கத்தில் நின்ற நீ சட்டென்று பாத்திரத்தை இறக்கிவைத்தாய், வெறுங்கையால். நான் கத்தினேன். நீ என்னை ஆச்சரியமாகப் பார்த்தாய்.

"என்னட்டி? எதுக்குக் கத்துத?"

"கை வேகலையாண்ணே?"

நீ உன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். மறுநாள் நாலு விரலிலும் கொப்புளம். கடையில் கேட்டால் வெந்நீர் கொட்டிவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன் என்றாய். உனக்கு வலித்ததா என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதம் இருக்கும். இரண்டு மெல்லிய பருத்தித் துண்டுகள் கொண்டுவந்து என் மிஷின்மேல் போட்டாய். "ஏட்டி, இதுல எது மல்லு, எது வாயிலு? சொல்லு பாப்போம்" என்றாய். என்னைச் சோதிக்கிறாய் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே சொன்னேன். "எப்படிச் சொல்லுத?" என்றாய். "இது என்ன கேள்வி? தொட்டாத் தெரியாதா?" என்றேன். நீ சிரிக்கவில்லை.

"எனக்குத் தெரியலட்டி."

பிறகு சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினாய். வலது தோள்பட்டைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்த தடம். முழங்கைப் பக்கம் இன்னொன்று. நான் ஊசியை எடுத்து மெல்லக் குத்தினேன். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு, "குத்திட்டியா?" என்று கேட்டாய்.

அப்போதே உனக்குத் தெரிந்திருந்தது. தொழுநோய். ஊரில் அந்தப் பேரைக்கூடச் சொல்ல மாட்டார்கள்; பெருவியாதி என்பார்கள், அதையும் குரலைத் தணித்து. பெரியாஸ்பத்திரி வாசல் வரைக்கும் போய், தெரிந்தவர் ஒருவர் நிற்பதைப் பார்த்துத் திரும்பி வந்துவிட்டதாகச் சொன்னாய்.

"நாளைக்கு நான் கூட வாரேன். போவோம்" என்றேன்.

"போவலாம். உன் கல்யாணம் முடியட்டும். களக்காட்டுக்காரங்க பேசிட்டுப் போயிருக்காவ. இந்த நேரத்துல இது வெளிய தெரிஞ்சா அந்த வீட்டுலேர்ந்து யாராவது படியேறுவாங்களாட்டி? இதைவிட்டா வேற எவனும் வரவும் மாட்டான். கடையிலயும் நிக்க முடியாது. துணியை நான் தொட்டுக் குடுத்தா யாரு வாங்குவா?"

"அதுவரைக்கும் கடையில எப்படிண்ணே சமாளிப்ப?"

"நீ தொட்டுச் சொல்லு. நான் கேட்டு வச்சுக்கிடுதேன்."

நான் சரி என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் இத்தனை வருஷமாக என்னைத் தின்றுகொண்டிருக்கிறது.

அன்றிலிருந்து தினமும் காலையில் கடைக்குப் போகும் முன் அரை மணி நேரம். புது வரவிலிருந்து துண்டுகள் கொண்டுவருவாய். நான் கண்ணை மூடித் தடவிப் பார்த்துச் சொல்ல வேண்டும். மென்மை, சொரசொரப்பு என்று சொன்னால் உனக்குக் கோபம் வரும். "எல்லாத் துணிக்கும் இதையே சொன்னா எனக்கு எப்படிட்டி வெளங்கும்? எது மாதிரி இருக்குன்னு சொல்லு. எனக்கு ஞாபகம் இருக்கதாப் பாத்துச் சொல்லு."

உனக்கு ஞாபகம் இருப்பதைத் தேடித் தேடிச் சொன்னேன். ஜார்ஜெட், ஆற்றில் காலை வைத்ததும் நழுவுகிற பொடி மணல். வாயில் துணி, காய்ந்த வெங்காயச் சருகு, ஆனால் நொறுங்காது. முரட்டுக் காடா, கன்றுக்குட்டி நாக்கு. பாப்ளின், புது நோட்டின் முதல் பக்கம். டெரிகாட்டன், வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி போய் வேர்வை பட்டதும் ஒட்டிக்கொள்ளும். மல்லுக்கு மட்டும் ரொம்ப நேரம் யோசித்தேன். கடைசியில், "காய்ச்சல் விட்ட பிள்ளையோட நெத்தி மாதிரிண்ணே" என்றேன். கொஞ்சம் ஈரம் போல, கொஞ்சம் குளிர்ச்சி போல. நீ தலையை ஆட்டினாய். "அது தெரியும். உனக்குக் காய்ச்சல் வந்தப்ப நான்தானே தொட்டுத் தொட்டுப் பாப்பேன்" என்றாய்.

ஒரு நாள் நூல் வாங்க வந்தவள் உன் கடைக்குள் எட்டிப் பார்த்தேன். கைப்பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஓர் அம்மாவுக்கு நீ மல் துணியை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாய். "தொட்டுப் பாருங்கக்கா. காய்ச்சல் விட்ட பிள்ளை நெத்தி மாதிரி இருக்கும்" என்றாய். அந்த அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு நிமிஷம் கையை எடுக்கவே இல்லை. மூன்று மீட்டர் கேட்டு வந்தவள் ஆறு மீட்டர் வாங்கிக்கொண்டு போனாள். "சங்கரன் பேச்சைக் கேக்கதுக்குன்னே ஆளு வருதுவே" என்று அண்ணாச்சி யாரிடமோ பெருமையடித்துக்கொண்டிருந்தார். நீ என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாய்.

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். உன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்றே நினைத்தேன். நோய் தன்பாட்டுக்கு உன் உடம்பில் மேலே ஏறிக்கொண்டிருந்தது. நான் அதற்கு வார்த்தையால் திரை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

என் முகூர்த்தப் பட்டை நீதான் எடுத்தாய். அரக்கு நிறம், பச்சைக் கரை. வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியைத் திறந்ததும், "சொல்லுட்டி, எப்படி இருக்கு?" என்றாய். நான் சொல்ல ஆரம்பித்தேன். நீ சட்டென்று, "இரு, இரு" என்று சொல்லிவிட்டு, சேலையைத் தூக்கி உன் கன்னத்தில் வைத்தாய். அப்படியே நின்றாய்.

"கன்னத்துல தெரியுதுட்டி" என்றாய். "பைய சூடாவுது. நல்ல பட்டுதான்."

கண்ணீர் சேலையில் பட்டுவிடக் கூடாது என்று முகத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டாய். அன்றைக்கு உன் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகாமல், நான் என்ன செய்தேன்? சேலையை மடித்து உள்ளே வைத்தேன்.

கல்யாணம் முடிந்தது. நான் களக்காட்டுக்கு வந்துவிட்டேன். மறுவீட்டுக்கு வந்தபோது கேட்டேன். ஆடி கழியட்டும் என்றாய். ஆடி கழிந்தது. தீபாவளி வியாபாரம் முடியட்டும் என்றாய். இடையில் உன் கவர் வந்துகொண்டே இருந்தது. உள்ளே ஒன்று, இரண்டு என்று நம்பர் எழுதிய துண்டுத் துணிகள். "உங்க அண்ணனுக்குத் துணியைத் தவிர வேற நெனப்பே கெடையாதா?" என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். நானும் சிரித்துக்கொண்டே பதில் எழுதுவேன். மூன்றாம் நம்பர் சோளத்தட்டையைத் தடவின மாதிரி. ஐந்தாம் நம்பர் வாங்கிப் போடாதே, நனைந்த காகிதம் மாதிரி இருக்கிறது. கடைசி வரியில், ஆஸ்பத்திரிக்குப் போனியா? அடுத்த கடிதத்தில் அதற்கு மட்டும் பதில் இருக்காது.

நீ போகாவிட்டால் இனிமேல் தொட்டுச் சொல்ல மாட்டேன் என்று ஒரு வரி எழுதியிருந்தால்? எழுதாமல் போனதற்குப் பயம் மட்டும்தான் காரணமா? கல்யாணமாகி வேற்றூர் போன பிறகும் உனக்கு நான் வேண்டியிருக்கிறேன் என்பது எனக்குப் பிடித்திருந்ததோ? இதை யாரிடமும் கேட்க முடியவில்லை. உன்னிடம்தான் கேட்க வேண்டும்.

மறு வருஷம் நான் உண்டாகியிருந்தேன். பிள்ளை பிறக்கட்டும், பார்த்துவிட்டுப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். அந்தத் தீபாவளி நேரத்தில் உன் செருப்பில் ஒரு ஆணி மேலே ஏறியிருக்கிறது. அதை மிதித்துக்கொண்டே எத்தனை நாள் நின்றாயோ. உன்னோடு வேலை பார்த்த மேலப்பாளையத்து மைதீன் அண்ணன் தரையில் இரத்தத் தடத்தைப் பார்த்துக் கேட்டதற்கு, சின்னக் காயம் என்று துணியைச் சுற்றிக்கொண்டு நின்றிருக்கிறாய். பத்தாம் நாள் குளிர்க்காய்ச்சல். முழங்கால் வரைக்கும் வீக்கம். மைதீன் அண்ணன்தான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டு, எங்கள் பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணினார்.

நான் வந்தபோது டாக்டரம்மா உன் கையைத் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு விரலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டார். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

"மூணு வருஷமா" என்றேன் நான்.

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "மாத்திரை சும்மாதானம்மா குடுக்கோம். இதே ஆஸ்பத்திரியில, கீழ்த்தளத்துல. ரெண்டு வருஷம் ஒழுங்காச் சாப்பிட்டிருந்தா இந்நேரம் சுகமாகி வீட்டுல இருந்திருப்பாரு" என்றார். கால் புண்ணின் விஷம் இரத்தத்தில் ஏறிவிட்டது என்றும் சொன்னார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் உனக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. மேலே கிடந்த போர்வையைக் காட்டி, "இது எப்படிட்டி இருக்கு?" என்று கேட்டாய். சாக்கு மாதிரி முரட்டுப் போர்வை. நான் அதைத் தடவிக்கொண்டே, "மெத்துன்னு இருக்குண்ணே. நல்ல துணி" என்றேன். உன்னிடம் துணியைப் பற்றி நான் சொன்ன ஒரே பொய்.

"தூங்கு" என்றேன். தூங்கினாய்.

மறுநாள் காலையில் உனக்குப் பால் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது மைதீன் அண்ணன் வராந்தாவில் நின்றார். என் கையிலிருந்த தூக்குவாளியை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த கூட்டத்தில் யாரோ, "என்ன செஞ்சுதும்மா?" என்று கேட்டார்கள். என் வாயிலிருந்து தானாக வந்தது, சர்க்கரை என்று. மைதீன் அண்ணன் என்னைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார். நீ செத்த பிறகும் உன்னை ஒளித்து வைத்தேன், அண்ணே. என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். உன் கடைக்குப் போய் வந்த இரண்டாம் நாள், வீடு வீடாகத் தோலைப் பார்க்கிற சுகாதார அம்மா ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்தார். செல்வி என்று பெயர். "உங்க குடும்பத்துல, பெறந்த வீட்டுல, யாருக்காவது தேமல், மரத்துப் போறது இப்படி இருந்திருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றேன்.

எழுதிக்கொண்டார். பிறகு சங்கரியை மடியில் உட்காரவைத்து, "கண்ணை மூடிக்கோ பாப்பா. எங்கன தொடுதேன்னு சொல்லணும், சரியா?" என்று பேனா முனையால் அவள் முதுகிலும் கையிலும் லேசாகத் தொட்டார். அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "இங்கன! இங்கன!" என்று சிரித்தாள். தொட்ட இடமெல்லாம் சரியாகக் காட்டினாள். எவ்வளவு சின்ன வேலை, அண்ணே. ஒரு பேனா முனை. ஒரு நிமிஷம்.

அவர் குடையை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். நான் வாசலில் நின்றேன். பிறகு தெருவில் இறங்கி ஓடினேன்.

"எங்க அண்ணன் சர்க்கரையில சாகலம்மா. தொழுநோய் இருந்துச்சு. மூணு வருஷம். எனக்குத் தெரியும். நான்தான் மறைச்சேன்."

மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சத்தமாக வந்துவிட்டது. தெருவே திரும்பிப் பார்த்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எச்சில் கையோடு வாசலில் வந்து நின்றார்.

செல்வி அம்மா என்னையும் சோதித்தார். எனக்கும் இல்லை, சங்கரிக்கும் இல்லை. அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் உள்ளே போனார். கை கழுவிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருந்தா என்னைக் கட்டியிருப்பீங்களா?"

யோசித்தார். "தெரியல" என்றார். நேர்மையான மனுஷர், உனக்குத்தான் தெரியுமே. கொஞ்சம் கழித்து, "கட்டுனதுக்குப் பெறகு சொல்லியிருக்கலாம்லா கோமதி. நானே கூட்டிட்டுப் போயிருப்பேனே. அந்தக் கவரெல்லாம் வரும்போது நான் இங்கனதானே இருந்தேன்" என்றார். சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

யாருக்குப் பயந்து நீ செத்தாயோ, அந்த மனுஷர் என் எதிரே உட்கார்ந்து உனக்காக அழுகிறார். நான் என்ன செய்ய?

என் மாமியார் இரண்டு நாள் பேசவில்லை. தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் தைக்கக் கொடுத்த ஜாக்கெட் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். போகட்டும்.

நேற்று செல்வி அம்மா மறுபடி வந்தார். இரண்டு தெரு தள்ளி பீடி சுற்றுகிற ஒரு பெண். பத்தொன்பது வயசு. விரலில் இலை நழுவுகிறதாம், கத்தரி பட்டால் தெரியவில்லையாம். அடுத்த மாதம் கல்யாணம். அவள் அம்மா கதவைச் சாத்திவிட்டாளாம். "நாங்க சொன்னா கேக்க மாட்டேங்காவ. நீங்க வந்து சொன்னாக் கேப்பாவளோ என்னவோ" என்றார்.

போகிறேன், அண்ணே. நாளைக் காலையில் போகிறேன். உன் பேரைச் சொல்வேன், உன் நோயின் பேரையும் சொல்வேன். கதவைச் சாத்தினால் வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குள்ளே கூட்டிப் போய், முதல் மாத்திரையை அவள் விழுங்குகிற வரைக்கும் பக்கத்தில் நிற்பேன். அடுத்த மாதமும் போவேன். அதற்கு அடுத்த மாதமும் போவேன்.

உன்னைக் கூட்டிப் போகாத தங்கச்சி,
கோமு